நாலு வானொலியும் ஒரு கைத்தொலைபேசியும்

செய்தி என்பது யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று நம்பியிருந்த காலம் நமது கிழக்குக் கரையோர ஊர்களில் என்றேனும் இருந்திருக்குமா என்பது ஐயமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலைப் பார்த்தவாறு கிடக்கும் இவ்வூர்களில், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளையில் தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், செய்தியைக் காதில் வாங்கிக்கொள்ளு முன்னர் ‘இதைச் சொன்னது ஆர்?’ என்று கேட்கும் வழக்கமுடையவர்கள். அந்தக் கேள்வியை எந்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பட்ட பாடுகள் கற்றுக்கொடுத்தன.

யுத்த காலத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். எங்கேனும் ஒரு சம்பவம் நடந்துவிட்டால் இலங்கை வானொலி ஒரு கணக்குச் சொல்லும். புலிகளின் குரல் வேறொரு கணக்குச் சொல்லும். பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணி மூன்றாவது கணக்கொன்றைத் தரும். இரவு ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து பீ.பீ.சி. தமிழோசை வரும். அதற்காக வீதியே அமைதியாகிவிடும். அழுகின்ற பிள்ளையை உம்மா உள்ளே தூக்கிக்கொண்டு போவாள். நாலையும் கேட்டு முடித்த பின்னரே வீட்டு மூத்தவாப்பா வானொலிப் பெட்டியின் காதைத் திருகி அணைப்பார். ‘ஒருவர் கூட்டிச் சொல்கிறார், ஒருவர் குறைத்துச் சொல்கிறார், இடையில் உள்ளதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்பது அக்காலத்து வீடுகளில் வழங்கிய கணித சாத்திரம். 1941ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆந் தேதியுடன் நின்றுபோயிற்று. அதனோடு ஒன்பதேகால் மணிக்கு இருந்த தனி மரியாதையும் போயிற்று.

அந்த நாலு வானொலியும் நடுநிலைமை வகித்தன என்று நாம் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் எதுவென்பது கேட்டவர்களுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. எந்தத் திசையில் காற்றடிக்கிறதென்று அறிந்த தோணிக்காரனுக்குப் பாயை எவ்வளவு திருப்பவேண்டுமென்பதும் தெரியுமல்லவா? அதுபோலக் கேட்டார்கள்.

இருந்தும், வானொலிகள் நாலாயினும் கேட்கும் நெஞ்சு ஒன்றுதான். அதற்கும் ஒரு பக்கம் உண்டு. 1990 ஆகஸ்ட் என்றால் நம் ஊர்களில் நினைவுக்கு வருவன காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும். தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட அந்தச் செய்தியை நம்மவர்கள் இன்றும் நாள், நேரத்தோடு சொல்வார்கள். அதே ஆகஸ்ட் என்றால், சம்மாந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழர் கிராமமாகிய வீரமுனையில் நினைவுக்கு வருவது கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்து மாண்டவர்களின் கதை. இரண்டு துயரங்களுக்கும் இடையே நாள்கணக்கில் சில தினங்களே. வீரமுனைக்கும் நம் வீடுகளுக்கும் இடையே இருப்பது ஒரு வயல்வெளிதான். எனினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீரமுனையின் கதை தெரியும்? அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காத்தான்குடியின் கதை முழுவதும் தெரியும்? பக்கச்சார்பு என்று நாம் கொழும்பைப் பார்த்துக் கை நீட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

பத்திரிகைகளின் கதையும் இத்தகையதே. இலங்கை முஸ்லிம்கள் தமக்கென ஒரு பத்திரிகை வேண்டுமென்று உணர்ந்தது நேற்றன்று. 1882ஆம் ஆண்டிலேயே அறிஞர் சித்திலெப்பை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடங்கிவிட்டார். அடுத்த ஆண்டில் எகிப்திலிருந்து ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டு இங்கு வந்திறங்கினார். ஆங்கிலேயரின் கண்ணுக்கு அவர் ஒரு கலகக்காரர். கொழும்பு முஸ்லிம்களின் கண்ணுக்கோ அவர் ஒரு வீரர். ஒரே மனிதர், ஒரே துறைமுகம், ஒரே நாள். பின்னர் 1930இல் வீரகேசரி பிறந்தது. 1932இல் லேக்ஹவுஸிலிருந்து தினகரன் வந்தது. 1973இல் லேக்ஹவுஸ் சட்டத்தின் மூலம் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்த பிறகு, அந்நிறுவனத்தின் ஏடுகளில் ஆளுங்கட்சியின் புகைப்படம் எந்த அளவில் இருக்குமென்பதை வாசகர்கள் ஏட்டை விரிக்கு முன்னரே அறிவார்கள். ஆட்சி மாறினால் புகைப்படத்தில் உள்ள முகம் மாறும், அளவு மாறாது. இதைப்பற்றி எவரும் பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

பக்கச்சார்பு என்றதும் பலர் பொய்யை நினைக்கிறார்கள். பொய் சொல்லாமலே ஒரு பக்கம் சாயலாம். அதற்கு ஒரு சொல் போதும். நம் வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுடையதாக்க வேண்டுமென்று 2019 ஜூன் மாதம் கல்முனையில் உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிராக முஸ்லிம்கள் வேறொரு பந்தலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இரு பந்தல்களும் ஒரே பட்டினத்தில். இருபுறத்தாரும் பேசியது ஒரே தமிழ். ஆயினும் ஒரு பக்கத்து ஏடு அதனைத் ‘தரமுயர்த்தல்’ என்றது. மறு பக்கத்து ஏடு ‘துண்டாடல்’ என்றது. ஒருவருக்கு அது முப்பது வருடக் காத்திருப்பு. மற்றவருக்கு அது நிலத்தொடர்பைப் பற்றிய அச்சம். பாண்டிருப்பில் காலையில் விரிக்கப்பட்ட பத்திரிகையும் கல்முனைக்குடியில் விரிக்கப்பட்ட பத்திரிகையும் இரண்டு வெவ்வேறு நகரங்களைப் பற்றி எழுதினவோ என்று ஐயுறும்படி இருந்தது. அயலூரார் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் படித்திருந்தால் மாத்திரமே நடந்தது என்னவென்று ஓரளவு விளங்கியிருக்கும். காஸாவைப் பற்றிய செய்திகளிலும் இதே சொல் விளையாட்டைத்தான் காண்கிறோம். ஒருசாரார் ‘கொல்லப்பட்டனர்’ என்பர்; மறுசாரார் ‘உயிரிழந்தனர்’ என்பர். பின்னதில் கொன்றவன் வாக்கியத்தை விட்டே வெளியேறி விடுகிறான்.

இவ்வளவும் பழைய கதை. இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம்.

இன்று நம் வீடுகளில் செய்தி வருவதும் அதிலேதான், விநோதம் வருவதும் அதிலேதான். வாப்பா அரசியல் பார்க்கிறார். ராத்தா சமையல் பார்க்கிறாள். தம்பி சிரிப்புக் காட்சிகள் பார்க்கிறான். உம்மம்மா பேரப்பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டி எல்லாவற்றையும் பார்க்கிறார். அந்தக் காணொளிகளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் கடையிலோ வட்டையிலோ பாடுபட்டு வந்த ஒருவர் இரவில் அரை மணி நேரம் சிரித்தால் அதிலென்ன தவறு? புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி ஐயாவும் அவருடைய பேரர்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் காட்சியை உலகத் தமிழர் அனைவரும் கண்டு நாவூறினர். 2021இல் அவர்களுடைய அலைவரிசை ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டிற்று. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. அதே ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தி அவர்கள் அங்கு போய்ப் பாயில் அமர்ந்து காளான் பிரியாணி உண்டார். தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு அப்போது சில மாதங்களே இருந்தன என்பதை நாம் நினைவூட்டுகிறோம். பிரியாணி நன்றாக இருந்தது என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை.

யானைக் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். புத்தல – கதிர்காம வீதியில் வாகனங்களை மறித்து, ஜன்னலுக்குள் துதிக்கையை நீட்டி வாழைப்பழம் வாங்கும் யானையைக் கண்டு உலகமே சிரிக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஆனால் அதே யானையினம் இரவில் மதிலை முட்டித் தள்ளி நெல்மூட்டையை இழுப்பதைச் சம்மாந்துறை, நிந்தவூர் வயற்காரர்களிடம் கேட்டால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள். நம் கரையோரச் சபைகள் குப்பை கொட்டிய பள்ளக்காட்டு மேட்டிலே, பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்தோடு வெளியிட்டன. அந்தப் பொலித்தீன் பைகளில் நம் வீட்டுப் பைகளும் இருந்திருக்கக் கூடும். வாழைப்பழம் வாங்கும் யானையும் உண்மை. பொலித்தீன் தின்று செத்த யானையும் உண்மை. முன்னது கேளாமலே நம் கைக்கு வருகிறது. பின்னதை நாமே தேடிப் போகவேண்டியிருக்கிறது. வேடிக்கைக் காட்சிக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதைக் காட்டுவதென்று தீர்மானிப்பது யார்? பத்திரிகையில் ஓர் ஆசிரியர் இருந்தார். அவருடைய பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கோபம் வந்தால் ஒரு கடிதம் எழுதலாம். கைத்தொலைபேசியில் அத்தொழிலைச் செய்வது ஒரு கணக்கு. 2005இல் தொடங்கிய யூடியூப், 2012இல் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. ஒரு காட்சியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. முகநூலும் 2018 ஜனவரியில் தன் முறையை மாற்றி, அதிகமான கருத்துரைகளும் வாக்குவாதங்களும் எழும் பதிவுகளை முன்னுக்குத் தள்ளலாயிற்று. மனிதனை நீண்ட நேரம் இருத்தி வைப்பவை இரண்டு: ஒன்று சிரிப்பு, மற்றது சினம். இரண்டையும் அந்தக் கணக்கு ஒரே தராசில் நிறுக்கிறது. பூனைக்குட்டி குதிப்பதைப் பார்த்து முடித்தவனுக்கு அடுத்ததாக இன்னொரு பூனைக்குட்டி. அயலினத்தான்மேல் கோபமூட்டும் பேச்சைப் பார்த்து முடித்தவனுக்கு அடுத்ததாக அதைவிடச் சற்றுக் காரமான பேச்சு. நாலு வானொலி இருந்த வீட்டில் இன்று ஆளுக்கொரு வானொலி. ஒவ்வொன்றிலும் கேட்பவருக்குப் பிடித்த ஒரே குரல். மூத்தவாப்பாவின் கூட்டல் கழித்தலுக்கு அங்கே இடமில்லை. கழிப்பதற்கு மறு கணக்கு வந்தாலன்றோ கழிக்கலாம்!

விளையாட்டே செய்தியாக வேடம் போடுவதும் உண்டு. ‘ஆர்மா 3’ என்று ஒரு கணினி யுத்த விளையாட்டு. செக் நாட்டில் செய்யப்பட்டது. அதில் விமானம் வீழ்வதும் ஏவுகணை பாய்வதும் அசலைப் போலவே தோன்றும். இந்த விளையாட்டுக் காட்சிகளை உக்ரேன் யுத்தம் என்றும், 2023 ஒக்டோபரில் காஸா யுத்தம் என்றும் சொல்லிப் பரப்பினார்கள். ‘இவை எங்கள் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை’ என்று விளையாட்டைச் செய்த நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட்டு, போலியைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் சொல்லவேண்டி நேர்ந்தது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னபோது இவ்வளவு தூரத்துக்கு யோசித்திருப்பார்களா?

ஆனால் நம் மாவட்டத்தைச் சுட்ட காட்சி விளையாட்டிலிருந்து வந்ததன்று. அது உண்மையாகவே எடுக்கப்பட்ட படம்.

கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை நகரம் 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். 2018 பெப்ரவரி 26ஆந் தேதி இரவு, அந்நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்த ஒருவர், கறியில் ஒரு மாக்கட்டியைக் கண்டார். அது சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சேர்ந்து, கடையில் பணம் வாங்கும் இளைஞரைச் சூழ்ந்துகொண்டு ‘போட்டாயா, இல்லையா?’ என்று சிங்களத்தில் அதட்டிற்று. அவருக்குச் சிங்களம் அரைகுறை. மாவைக் கேட்கிறார்களா, வேறெதையோ கேட்கிறார்களா என்று விளங்காமல், அச்சத்தினால் ‘ஆம்’ என்ற பொருள்படத் தடுமாறிச் சொல்லிவிட்டார். சில விநாடிகளே நீளமான அந்தக் காட்சியை ஒருவர் கைத்தொலைபேசியில் பிடித்தார். அவ்வளவுதான். கடை உடைக்கப்பட்டது, நகரத்துப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அந்தச் சில விநாடிகள் முகநூலில் ஏறி, ‘முஸ்லிம் ஒப்புக்கொண்டான்’ என்ற தலைப்போடு தீவு முழுவதும் பரவின.

படத்தில் பொய் எதுவுமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த இளைஞர் அங்கே நின்றார். அந்தச் சொல்லைச் சொன்னார். படத்தில் இல்லாதவைதான் பொய்யைச் செய்தன. சுற்றி நின்ற கூட்டத்தின் முகங்கள் இல்லை. கேள்விக்கும் மறுமொழிக்கும் இடையே இருந்த மொழிப் பள்ளம் இல்லை. ஒரு மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் கிடையாது என்ற சின்ன உண்மையும் இல்லை. சில தினங்களின் பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்து, அது மாக்கட்டியே என்று அறிவித்தது. அந்த அறிக்கையை யார் பார்த்தார்கள்? அதில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. தராசில் அதற்கு எடையில்லை.

அடுத்த வாரம் கண்டி மாவட்டம் எரிந்தது. திகணவிலும் தெல்தெனியவிலும் தீ மூண்டதற்கு உடனடிக் காரணம் வேறு. முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் ஒரு சிங்களச் சாரதி மரணமடைந்திருந்தார். அந்தக் குற்றம் குற்றமே. ஆனால் அம்பாறைக் காட்சியைப் பார்த்துப் பார்த்துக் கனன்றிருந்த மனங்களில் அந்த மரணம் நெருப்பாக விழுந்தது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6ஆந் தேதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 7ஆந் தேதி முதல் ஒரு வாரத்துக்கு முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த ஒரு வாரம் நம் தேத்தண்ணிக் கடைகளில் மீண்டும் வானொலி ஒலித்தது.

இதையெல்லாம் கைத்தொலைபேசி வந்ததனால் விளைந்த கேடு என்று முற்றாகச் சொல்லிவிடவும் முடியாது. 1958 மே மாதக் கலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்று அவ்வூரில் ஒரு கதை பரவிற்று. கல்வி அமைச்சு விசாரித்துப் பார்த்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவருமே மட்டக்களப்பில் படிப்பிக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் பாணந்துறைக் கோயிற் குருக்கள் உயிரோடு எரிக்கப்பட்டுவிட்டார். அப்போது பத்திரிகைகளுக்குத் தணிக்கை வேறு. ‘ஒப்சேவர்’ ஆசிரியர் தார்சி வித்தாச்சி நடந்தவற்றை நூலாக எழுதி லண்டனில்தான் வெளியிட்டார். வாய்க்கும் காதுக்குமாக நடந்த அந்த வேலைக்கும் இன்றைய வேலைக்கும் வித்தியாசம் வேகத்தில் மாத்திரமா? இல்லை. கதையைச் சொல்பவனை அன்று ‘நீ கண்டாயா?’ என்று மடக்கலாம். இன்று அவன் ‘இதோ, நீயே பார்’ என்று படத்தை நீட்டுகிறான். கேட்ட வாய் அடைத்துப்போகிறது.

முகநூல் நிறுவனத்துக்கு அக்காலத்தில் இங்கிருந்து முறைப்பாடுகள் போகாமலில்லை. முஸ்லிம்களைக் கொல்லுங்கள் என்ற பொருளில் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று மறுமொழி வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போதியளவு இருக்கவில்லை என்பதே காரணம். 2020 மே மாதத்தில், தனியாக நடந்த ஆய்வொன்றின் பின்னர், இலங்கையில் நேர்ந்த பாதிப்புக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்துக்குச் சிங்களம் தெரியாததைக் கேலி செய்வது எளிது. அம்பாறை நகரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குச் சிங்களப் பத்திரிகையொன்றை எழுத்துக்கூட்டியேனும் படிக்கத் தெரியும்? அந்தப் பக்கத்தில் நம்மைப்பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் நாம் என்ன எழுதுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. பள்ளிக்கூடங்களில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் மாணவர்களுக்கு, பரீட்சைப் புள்ளியை விடவும் பெரிய ஊதியம் ஒன்று அதில் இருக்கிறது. அடுத்த வீட்டு வானொலியையும் அவர்களால் கேட்க முடியும்.

உலகத்தின் கண் நம்மூர்மேல் விழுந்த ஓர் இரவும் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26. சாய்ந்தமருதில் புதிதாக வந்து வாடகை வீட்டில் குடியேறியிருந்தவர்கள்மேல் ஊரவர்கள் ஐயங்கொண்டார்கள். பொலிசுக்குத் தகவல் கொடுத்தார்கள். படையினர் சூழ்ந்தனர், துப்பாக்கிச் சண்டையும் வெடிப்புகளும் நிகழ்ந்தன, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டனர். உலகத் தொலைக்காட்சிகளில் நாம் கண்டது புகையும் இடிந்த சுவரும். ‘தீவிரவாதிகளின் ஒளிவிடம் சாய்ந்தமருது’ என்ற சொற்றொடரை எத்தனை தடவை கேட்டிருப்போம்! காட்டிக்கொடுத்தது சாய்ந்தமருது என்ற செய்தியும் அதே அறிக்கைகளில் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது நமது பக்கச்சார்பாகிவிடும். ஆனால் அது ஆறாம் பந்தியிலோ ஏழாம் பந்தியிலோ இருந்தது. ஆறாம் பந்தி வரை படிக்கின்றவர்கள் சிலரே; காணொளியிலோ ஆறாம் பந்தி என்பதே கிடையாது. நம் தெருவில் நடந்ததை நாமறிவோம். அதைப் பிறர் சொன்ன விதத்தையும் கண்டோம். அப்படியானால் நாம் காணாத தெருக்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவது எந்த அளவு? அன்றிரவு சாய்ந்தமருதில் விழித்திருந்த எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியை எளிதில் மறக்காது.

அதைத் தொடர்ந்த மே மாதம் மிகவும் கசப்பானது. 13ஆந் தேதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 23ஆந் தேதி, கொழும்பிலிருந்து வெளியாகும் சிங்கள நாளேடாகிய ‘திவயின’ தன் முதற் பக்கத்தில் ஒரு செய்தியை இட்டது: முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாக மலட்டுச் சத்திரசிகிச்சை செய்துவிட்டார் என்று. முந்திய ஆண்டில் மாத்திரையாக வந்த அதே கதை இப்போது கத்தியாக வந்தது. முன்னையது கைத்தொலைபேசியில் பிறந்தது. இது அச்சுக்கூடத்தில் பிறந்து கைத்தொலைபேசிக்குப் போயிற்று. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஒரு வைத்தியர் கைதுசெய்யப்பட்டார்.

அதே வாரத்தில் தமிழுலகம் என்ன செய்துகொண்டிருந்தது? சிரித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானியப் பொறியியற் பக்கமொன்றில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டிருந்தார்கள். 2001இல் வெளிவந்த ‘ப்ரெண்ட்ஸ்’ படத்தில் கொன்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் அந்தச் சுத்தியல் விழுந்த கதையைத் தமிழர் ஒருவர் மறுமொழியாக எழுதினார். ‘நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்’ என்று ஒரு வேடிக்கை கிளம்பி, மே 29, 30ஆந் தேதிகளில் உலகமெங்கும் முன்னணிக்கு வந்துவிட்டது. இந்தியப் பிரதமர் மோடி அவர்கள் இரண்டாம் முறை பதவியேற்ற நாளும் அதுவே. பதவியேற்பைவிட நேசமணியின் தலைக்காயம் பெரிதாகப் பேசப்பட்டது. நம் ஊர்களிலும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைத்தெருவுக்குப் போக அஞ்சி வீட்டுக்குள் கிடந்த நாட்கள் அவை. அந்தச் சிரிப்பு ஒரு மருந்தாகவே இருந்தது என்று இப்போதும் சொல்வோர் உண்டு. அதை நாம் மறுக்கமாட்டோம். ஒரே கண்ணாடித் துண்டில், விரலால் ஒருமுறை தள்ளினால் நேசமணி. மறுமுறை தள்ளினால் அந்த வைத்தியரின் முகம்.

குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் பெருந்தொகையான தாய்மாரின் வாக்குமூலங்களைப் பெற்று, சக வைத்தியர்களையும் தாதிமாரையும் விசாரித்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று ஜூன் மாதத்திலேயே நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். ஜூலையில் அந்த வைத்தியர் பிணையில் வெளிவந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறினார்கள். குடும்பம் ஊர் மாறிற்று.

2022ஆம் ஆண்டில் அவருடைய நிலுவைச் சம்பளம், 26 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, அவருக்கு வழங்கப்பட்டது. நாட்டில் அப்போது டொலர் இல்லை, வைத்தியசாலைகளில் மருந்தில்லை. அந்தத் தொகை முழுவதையும் அத்தியாவசிய மருந்துகள் வாங்குவதற்கென்று அவர் அன்பளிப்புச் செய்துவிட்டார். அந்தச் செய்தி அந்த ஜூன் மாதத்தில் சில பத்திரிகைகளில், பெரும்பாலும் உட்பக்கத்தில், வெளிவந்தது.